இரண்டு கிலோ அறுநூறு

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் சின்னு. அக்கா என்று ஒருத்தி இருக்கும்வரை ஐம்பத்தெட்டு வயதானாலும் சின்னது சின்னதுதான்.

பிரசவ வார்டில் முப்பத்தாறு வருடம் ஓட்டியாகிவிட்டது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். "பெட்டி கட்டுறவளுக்கு எதுக்கும்மா பயிற்சி?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டதை மேலிடம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வார்டில் உள்ள பதினோரு நர்ஸுகளும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. இரண்டாவது மாடிக் கூட்ட அறையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுக்க வந்த பெண், பெரிய சிஸ்டருக்கு முதல் நரை விழுந்த வருடத்தில்தான் பிறந்திருப்பாள்.

அதில் அவளுக்கு ஒன்றும் குறையில்லை. புதிதாக எது வந்தாலும் முகம் சுளிக்காதவள் அவள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது தலையில் கஞ்சி போட்டு விறைத்த தொப்பி. கண்ணாடி ஊசிக் குழல்களைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். டாக்டர் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்க வேண்டும். நோயாளி தன்னுடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால்கூட, "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். கர்ப்பிணியின் வயிற்றில் குழலை வைத்துக் காதைப் பதித்து, கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையின் துடிப்பை எண்ணுவார்கள். இப்போது ஒரு பட்டையைக் கட்டினால் திரையே எண்ணிச் சொல்லிவிடுகிறது. வார்டில் கம்ப்யூட்டரை முதலில் கற்றுக்கொண்டதும் அவள்தான். அந்தக் காலம் போல வருமா என்று யாராவது ஆரம்பித்தால், "ஒரு நாள் ஊசி தீட்டிப் பாரு, அப்புறம் பேசு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

பயிற்சிப் பெண் மேசைமேல் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்தாள். உள்ளே கம்பளி நூலில் பின்னிய சின்னக் குல்லாய், கால் தடம் எடுக்க மைப்பெட்டி, கெட்டித் தாள், ஒரு கொத்து முடியைப் போட்டு வைக்கச் சிறிய உறை.

"குழந்தை உயிரில்லாமப் பொறந்தா இனிமே நாம இப்படித்தான் செய்யப் போறோம்," என்றாள். "குளிப்பாட்டி, துணி சுத்தி, அம்மா கையில குடுக்கணும். அவங்க எவ்வளவு நேரம் வெச்சிருக்க நினைக்கிறாங்களோ அவ்வளவு நேரம். பேர் வெச்சிருக்கீங்களான்னு கேக்கணும். அந்தப் பேரைச் சொல்லித்தான் குழந்தையைப் பத்திப் பேசணும்."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "முன்னெல்லாம் என்ன செய்வாங்க?"

"காட்டவே மாட்டாங்களாம். அம்மா தலையைத் தூக்குறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவாங்களாம்."

"அடப்பாவி! எப்படி மனசு வந்துச்சு அவங்களுக்கு?"

யாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் "அவங்க" கூட்டத்தில் ஒருத்தி என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவே இல்லை. பெரிய சிஸ்டர் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இருபத்து நான்கு வயது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வந்த முதல் கர்ப்பம். "என் தங்கச்சி இருக்கா, எனக்கென்ன பயம்" என்று சொல்லி, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து இங்கேதான் வந்து சேர்ந்தாள். காலை பத்து மணிக்கு வலி உச்சத்தில் இருந்தபோது சின்னு குழலை வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி வைத்தாள். இன்னொரு இடத்தில் வைத்தாள். தன் காதில் தன்னுடைய ரத்தம் இரைவதுதான் கேட்டது.

அப்போது இருந்த மேட்ரன் கெட்டவள் இல்லை. சம்பந்தமே இல்லாத நோயாளிக்கும் தன் வீட்டுச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்துகிறவள். அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்: பார்க்காத முகம் மனதில் தங்காது, தாய்க்குச் சீக்கிரம் ஆறிவிடும், நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று. குழந்தை பிறந்ததும் திரையை இழுத்தார்கள். அக்காவுக்குத் தூக்க ஊசி போட்டார்கள். பச்சைத் துணியில் சுற்றியதை மேட்ரன் சின்னுவின் கையில் கொடுத்து, கண்ணாலேயே வாசலைக் காட்டினாள். மயக்கம் ஏறும் நேரத்தில் அக்கா, "ஏன் அழ மாட்டேங்குது? சின்னு, ஏன் அழ மாட்டேங்குது?" என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவள் நிற்கவில்லை.

நோயாளிகளின் கழிவுப் பாத்திரம் கழுவும் அறையில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கடைநிலை ஊழியர் அம்மா வந்து மற்றதைப் பார்த்துக்கொள்வாள். சின்னு கதவைச் சாத்திக்கொண்டாள். துணியைப் பிரித்தாள்.

மூன்றாம் நாள் அக்காவுக்குப் பால் கட்டிக்கொண்டது. அதற்கு அப்போது இருந்த வைத்தியம், அகலத் துணியால் மார்பை இறுக்கிக் கட்டுவது. தன் அக்காவுக்கு அவளே கட்டினாள். நுனியை இழுத்து முடிச்சுப் போடும்போது அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சின்னு, யாரு மாதிரிடி இருந்துச்சு?"

"நான் பாக்கலக்கா."

"துணி விலகினப்போ..."

"பாக்கலக்கா. தூங்கு. அதையே நினைக்காத."

அத்தானும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, மறந்துவிடச் சொன்னார். நல்ல மனுஷர், சொன்னபடி கேட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் சாகும்வரை அந்தக் காலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும், "பாத்தியா, எல்லாம் சரியாப் போச்சு" என்றார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், பாலுக்கு முட்டிமோதும் பிள்ளையைப் பார்த்தபடி அக்கா கேட்டாள்: "இவனை மாதிரியா இருந்துச்சு?"

"எனக்கு ஞாபகமே இல்லக்கா," என்றாள் சின்னு.

அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை.

பயிற்சி முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வார்டுக்கு வந்தாள். ஒன்பதாவது மாதம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண்.

"நான் பாக்க மாட்டேன் சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு," என்று டீச்சர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் காலமாக இருந்தால் அதுவே போதும். பெரிய சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாக்க வேண்டாம்மா. நான் பாத்துச் சொல்றேன், கேக்குறீங்களா?" என்றாள். தலையசைப்பு வரும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முடி நிறைய இருக்கு. நகம் நீளமா இருக்கு, வெட்டிவிடணும் போல. மூக்கு கொஞ்சம் சப்பை."

"சப்பையா?" டீச்சர் திரும்பிவிட்டாள். "குடுங்க."

கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் நின்ற புருஷனிடம், "மூக்கைப் பாருங்க. அப்படியே உங்க அம்மா," என்றாள். அந்த மனிதர் குனிந்து பார்த்தார். "ஐயோ, ஆமா," என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு ஒரு கணம்தான். அது உடைந்து வேறொன்றாக மாறுவதற்குள் பெரிய சிஸ்டர் வெளியே வந்துவிட்டாள்.

தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகையை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு மூக்கைப் பார்த்து அக்காவும் அத்தானும் இப்படி ஒரு கணம் சிரித்திருப்பார்கள். அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரமாக வைத்தவள் அவள்.

அடுத்த விடுமுறை நாள் காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அக்கா துணி தைத்துக் கொடுக்கிறவள். அறுபத்திரண்டு வயதிலும் ஜன்னலோரத் தையல் மிஷினை விடவில்லை. மகன் வேறு ஊரில். கதவைத் திறந்ததும், "என்னடி, போன்கூடப் பண்ணாம? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். வழக்கமாக அக்கா அடிக்கிற ஜோக்தான்.

தங்கை சிரிக்காததைப் பார்த்து ஒரு நாற்காலியைத் தள்ளினாள். தைத்து முடித்த சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அதைத் தொடர்ந்தாள்.

"அக்கா, நான் பாத்தேன்."

எதை என்று அக்கா கேட்கவில்லை. தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம்," என்றாள்.

"முப்பத்தி நாலுக்கா."

"நீ பாத்தது முப்பத்தி நாலு. நீ பாத்தேன்னு எனக்குத் தெரிஞ்சு முப்பத்திரண்டு. முதல்ல பாக்கலன்னே. என் பையன் பொறந்தப்போ ஞாபகம் இல்லன்னே. பாக்காதவளுக்கு எதுடி மறக்கும்?"

"அப்புறம் ஏன்க்கா கேக்கவே இல்ல?"

"எத்தனை தடவை கையேந்துறது? என் பிள்ளை முகத்தை உன்கிட்டப் பிச்சை கேக்கணுமா? தானா சொல்லுவேன்னு இருந்தேன். ஒவ்வொரு தடவை நீ படியேறி வர்றப்பவும், இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு." அக்கா சட்டையை மடித்தாள், பிரித்தாள். "பொண்ணுதானே?"

"ஆமாக்கா."

"ம். சொல்லு."

அவள் சொன்னாள். முப்பத்து நான்கு வருடமாக உள்ளே இருந்தது, தேடாமலே வந்தது. நெற்றி முழுக்க ஈர முடி. தாடையில் அக்காவுக்கு இருப்பது போலவே ஒரு குழி. கீழுதடு மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. "இடது காது மடல் மடங்கியிருந்துச்சுக்கா. நான் நிமித்தி விட்டேன். மறுபடி மடங்கிக்கிச்சு."

"நிமித்தி விட்டியா?"

அக்காவின் குரல் மாறியிருந்தது.

"தூக்கினியா அவளை?"

"தூக்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும். எடுத்துட்டுப் போற அம்மா வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

"எவ்வளவு கனம் இருந்தா?"

"ரெண்டு கிலோ அறுநூறு."

"எடையை யாருடி கேட்டா? கனம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

பெரிய சிஸ்டர் தன் இடது கையைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஏந்திய கை. "தலை இங்க இருந்துச்சு, முழங்கை மடிப்புல. அந்தப் பக்கம்தான் கனம். கால் பக்கம் ஒண்ணுமே இல்ல. உடம்புல சூடு இருந்துச்சுக்கா. உன்னோட சூடு. நான் வெச்சிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஆறிடுச்சு."

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பேசும்போது குரல் உயரவே இல்லை.

"அந்தச் சூட்டை நீ வாங்கிக்கிட்ட. கதவைச் சாத்திக்கிட்டு, நீ மட்டும். அப்புறம் வந்து என் மாரை இறுக்கிக் கட்டினே. பாக்கலன்னு சொன்னே."

"அப்படித்தான்க்கா சொல்லிக் குடுத்திருந்தாங்க. உனக்கு நல்லதுன்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

"சொல்லிக் குடுத்தவ காட்டாதேன்னு சொன்னா. சரி. பொய் சொல்லச் சொன்னாளா? நீ நர்ஸ்தான். எனக்கு யாருடி நீ?"

மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்து அக்கா, "இன்னைக்குப் போ," என்றாள். "கோவத்துல சொல்லல. இப்போ நான் அவளைப் பாத்துக்கிட்டிருக்கேன். நீ எதிர்ல இருந்தா மறைக்குது."

ஆறு வாரம் போன் வரவில்லை. பெரிய சிஸ்டர் டியூட்டிக்குப் போனாள், வந்தாள். கம்ப்யூட்டரில் பதிவுகளைத் தட்டினாள். வார்டில் புதுப் பிள்ளைகள் அவளிடம், "சிஸ்டர், அந்த டீச்சர் கடிதம் போட்டிருக்காங்க, உங்களைக் கும்பிடுறேன்னு எழுதியிருக்காங்க" என்று காட்டியபோது, கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஏழாவது வாரம் அக்கா கூப்பிட்டாள். வணக்கமில்லை, நலம் விசாரிப்பில்லை. "பழைய ரிஜிஸ்டர் இருக்குமா?"

இருந்தது. உயிரில்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு, எத்தனை வருடமானாலும் தாய் கேட்டால் பெயரோடு சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இப்போது விதி வந்திருந்தது. இருவரும் அடித்தளத்துப் பதிவு அறைக்குப் போனார்கள். பதிவு அறை எழுத்தர், அப்படிப் பிறந்தவர்களுக்கென்று இருந்த, தூசி தட்டிய நீளப் புத்தகத்தை மேசையில் விரித்து, பக்கத்தைத் தேடி எடுத்து, இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

தேதி. தாயின் பெயர். பெண். உயிரற்றது. இரண்டு கிலோ அறுநூறு. இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் உருண்டையான அழகுக் கையெழுத்து. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: தாய்க்குக் காட்டப்பட்டதா. கீழே "இல்லை". அந்தப் பக்கம் முழுக்க இல்லை, இல்லை, இல்லை. பாதிப் பக்கத்துக்குக் கீழே அந்தச் சொல்லைக்கூட எழுத அலுத்துப்போய், மேலே சொன்னதேதான் என்று இரட்டைக் கோடு போட்டிருந்தது. கோடுகளும் அவள் போட்டவைதான்.

அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்து, தையல்காரி துணியின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது போல ஒரு முறை இடமிருந்து வலமாக ஓட்டினாள்.

"எங்க வெச்சாங்க?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

அவர் தங்கையைப் பார்த்தார். பெரிய சிஸ்டர்தான் சொன்னாள். "பின்பக்கம் ஒரு காலி மனை இருந்துச்சுக்கா. எல்லாக் குழந்தைகளையும் அங்கதான். தனித்தனியா இல்ல." ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்போ அங்க வண்டி நிறுத்துற இடம்."

அக்கா சான்றிதழுக்கான படிவத்தை வாங்கிக்கொண்டாள். பெயர் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது.

"பேர் வெச்சிருந்தியாக்கா?"

"அஞ்சாவது மாசத்துலயே வெச்சுட்டேன். உங்க அத்தானுக்கு மட்டும்தான் தெரியும்." இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினாள். தாளை மடித்தாள். தங்கையைத் தாண்டிக் கையை நீட்டி எழுத்தரிடம் கொடுத்தாள். "உனக்குச் சொல்ல மாட்டேன் சின்னு. தப்பா நினைச்சுக்காத. உன்கிட்ட இல்லாதது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்."

பின்பக்கம் வெயில் கொட்டியது. வரிசையாகக் கார்கள். ஒரு காவலாளி வண்டிகளைக் கைகாட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா, "நீ இங்கேயே நில்லு," என்று சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் நடந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. எந்த இடம் என்று தெரியாதவள் எங்கே நிற்பாள்? எல்லா இடத்திலும் கால் பட்டுவிட வேண்டும் என்பது போல மூலை முடுக்கெல்லாம் நடந்தாள். காவலாளி, "எந்த வண்டிம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இவ்வளவு தூரத்திலிருந்து என்ன சொல்கிறாள் என்று பெரிய சிஸ்டருக்குக் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். தங்கை பின் இருக்கையில் உட்கார்ந்தாள். நரைத்த பின்னலையும் கழுத்தையும் பார்த்தபடி வந்தாள். நாலைந்து நிறுத்தம் கழித்து, திரும்பாமலே அக்கா கேட்டாள்.

"அன்னைக்கு அழுதியா? கதவைச் சாத்திக்கிட்டு?"

"இல்லக்கா. அழக் கூடாதுன்னு விதி. சீருடை போட்டுட்டு அழுதா மெமோ குடுப்பாங்க."

"இப்போ?"

"இப்போ அழலாமாம். பெத்தவளோட சேர்ந்து அழுதாத் தப்பில்லைன்னு புத்தகத்துலயே போட்டிருக்கு."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நிறுத்தம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினாள், முட்டிவலிக்காரி, ஒவ்வொரு படியாக. பெரிய சிஸ்டர் கூடவே இறங்குவதற்காக எழுந்தாள். கீழே நின்ற அக்கா அவளை நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் கிளம்பியது. பெரிய சிஸ்டர் நின்றவாக்கிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உட்காருங்கம்மா, இடம் இருக்கே என்று யாரோ சொன்னார்கள்.